ஆடாத நூல்

ஏறுங்க, ஏறுங்க. பையை மடியில வெச்சுக்கங்க, பின் சீட்டு பூரா கயிறும் கட்டையுமாக் கெடக்குது. கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க. இன்னொருக்கா. அவ்வளவுதான்.

தாராபுரம் பஸ்ஸு இப்பத்தான் போச்சுங்க. அடுத்ததுக்கு இந்த வெயில்ல நின்னீங்கன்னா கருவாடுதான். நான் நல்லாக்காட்டுவலசு வரைக்கும் போறனுங்க, தாராபுரத்துக்கு சித்தெ இந்தப் பக்கம். அங்கிருந்து உங்களை ஏத்தி விடறதுக்கு நானாச்சு. ஒரு சின்ன வேலை இருக்குது, அதை முடிச்சுட்டு. நெம்ப சின்ன வேலை. அப்புறம் சொல்றேன்.

பின்னாடி திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க. எல்லாரும் பாப்பாங்க. ஜீப்புக்குப் பின்னால வெள்ளையா நீளமா ஒரு பொட்டி போனா யாருதான் பாக்க மாட்டாங்க? போன தடவை குண்டடத்துல ஒரு டீக்கடைக்காரரு தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துட்டு எந்திரிச்சு நின்னாருங்க. யாரோ பெரிய மனுசன் போய்ச் சேந்துட்டாருன்னு நெனச்சுட்டாரு. அது சவப்பெட்டி இல்லீங்க. இப்பக் காலியா இருக்குது. திரும்பி வரும்போது அதுக்குள்ள ஒரு பிளேன் இருக்கும்.

சிரிக்கிறீங்க பாருங்க. கிளைடருங்க. றெக்கையைத் தனியா, உடம்பைத் தனியாக் கழட்டி உள்ள வெச்சுப் பூட்டிடலாம். இஞ்சின் கெடையாது. ஆமாங்க, சத்தியமாக் கெடையாது. அந்தக் காலத்துல சண்டைக்குப் போட்ட ஓடுபாதை ஒண்ணு பல்லடத்துக்கு இக்கட்டால, இந்தப் பக்கமா இருக்குதுங்க, அதுல எங்க கிளப்பு. ஓடுபாதையோட அந்தக் கோடியில ஷாஜகான் பாய் ஒரு விஞ்ச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. பெரிய ராட்டினம்னு வெச்சுக்கங்க. அதுல கம்பியைச் சுத்தி ஒரு இழுப்பு இழுத்தாருன்னா, பட்டம் ஏர்றாப்புல மேல போயிரும். அப்புறம் கம்பியை விட்டுட்டு நாம பாட்டுக்கு மெதக்க வேண்டியதுதான். வெயில்ல காஞ்ச மண்ணுல இருந்து சூடான காத்து மேல கெளம்பும். அதைக் கண்டுபுடிச்சு அதுக்குள்ளயே சுத்திட்டிருந்தா அதுவே தூக்கிட்டுப் போயிரும். பருந்தெல்லாம் அதைத்தான் பண்ணுது.

என் பேரு சென்னியப்பனுங்க. பல்லடத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. தறிக்காரங்க, கோழிப்பண்ணைக்காரங்க, எல்லாரும் நம்மகிட்டத்தான் வரோணும். கிளப்புல நெம்ப நல்லா ஓட்டறது யாருன்னு கேட்டீங்கன்னா, நானே என் வாயால சொல்லக் கூடாது. ஆனா வேற யாரும் சொல்றதில்ல, அதனால நானே சொல்லிடறேன். நாந்தான்.

இப்ப நான் எதுக்குப் போறேன்னா, ஜெரால்டுன்னு ஒரு பல்லு டாக்டரு. எங்க கிளப்புலயே ஒத்தை சீட்டு கிளைடரு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அதுல காத்தால கெளம்பினாரு, பழனி வரைக்கும் போயித் திரும்பி வந்துடறேன்னுட்டு. பழனியாமா பழனி. பாதியிலயே இறங்கிட்டாரு. எங்க இறங்கினாரு தெரியுங்களா? நல்லாக்காட்டுவலசுல. என் மாமனாரு காட்டுல. ஊரு உலகத்துல வேற எடமே கெடைக்கலீங்க அந்த மனுசனுக்கு.

வயிறு எரியுதுங்க. ஏன்னு கேளுங்க.

என் சம்சாரத்தோட அண்ணன் குழந்தைவேலு. அந்தக் காட்டுல வெள்ளாமையை இப்ப அவருதான் பாக்கறாரு. ஒரு காதுகுத்துல, பந்தியில ஒறம்பரை சனம் அத்தனை பேரு முன்னாலயும், 'மாப்ளே இன்னும் காத்தாடி உடறீங்களாமா?'ன்னு கேட்டுப் போட்டாரு. எலை முன்னால உக்காந்திருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்கு ரோசம் வந்துருச்சு. 'ஒருநாள் உங்க காட்டுலயே வந்து இறங்கறேன் மச்சான், பாருங்க'ன்னுட்டேன். 'வாங்க வாங்க, எலை போட்டு வெக்கறேன்'னாரு. அதுல இருந்து வருசா வருசம் கேக்கறாரு, எலை காஞ்சு போச்சுங்களே மாப்ளேன்னு. என் சம்சாரம் அந்த ஊருக்கு வரும்போதெல்லாம் என்னை பஸ்ஸை விட்டு இறங்கின ஒடனே தலையைக் குனிஞ்சுக்கச் சொல்லுது. ஓடுபாதையில இருந்து அந்தக் காட்டுக்கு அம்பது கிலோமீட்டரு. அம்பது கிலோமீட்டரு தனியாப் போனா ஒரு பேட்ஜு குடுப்பாங்க, அது கெடக்குது. எனக்கு அந்தக் காட்டுல இறங்கோணும். எனக்கும் வயசாகுதுங்க, முட்டி ரெண்டும் மடங்க மாட்டீங்குது, இன்னும் எத்தனை வருசம் அந்த சீட்டுக் குழிக்குள்ள காலை நீட்டி உக்கார முடியும்? நான் வாழ்க்கையில ஆசைப்பட்டது இது ஒண்ணுதாங்க.

அதுல போயி அவரு இறங்கிட்டாரு. அதுவும் என் முறையில. இந்த மாசம் அந்த ஒத்தை சீட்டு என் முறை. என்னை ஏத்தலை. எதுக்கு ஏத்தலை? ஒரு நூலுக்காக. நாலு விரக்கடை நூலுக்காக.

சொல்றேன், சொல்றேன். இந்த லாரி போகட்டும்.

எங்க ரெட்டை சீட்டு கிளைடருல முன்னால மீட்டருங்க நாலு. எல்லாம் பழசு. ஒண்ணு உயரம் காட்டறது. அதுல ஊசி ஒட்டிக்கும், விரலால தட்டினாத்தான் நகரும். ஷாஜகான் பாய் அதுக்கு கவர்மெண்ட் ஆபீசுன்னு பேரு வெச்சிருக்காரு. இன்னொண்ணு திசை காட்டறது. அதுக்குள்ள இருந்த எண்ணெய் பாதி வத்திப் போச்சு. 'அதுக்கு வடக்கு எதுன்னு தெரியாது, ஆனா குண்டடம் பிரியாணிக் கடை எந்தப் பக்கம்னு கரெக்டாச் சொல்லிரும்'பாரு பாய். மூணாவது வேகம். அது ஒண்ணுதான் ஒழுங்கு. நாலாவது, மேல போறமா கீழ போறமான்னு காட்டற வேரியோ. அது சித்தெ லேட்டாத்தான் சொல்லும். 'மேல போறோம்னு அது சந்தோசப்படறப்ப நாம கீழ வந்துட்டிருப்போம், அது நேத்தைய பேப்பர்'னு எங்க அமிர்தவல்லி மேடம் சொல்லுவாங்க. மேடம்தான் எங்க இன்ஸ்ட்ரக்டரு. காலேஜுல பிசிக்ஸ் சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவங்க. சத்தம் போட்டே பேச மாட்டாங்க. அதுதான் பயம்.

டாக்டரு இருக்கறாரே, அவருக்கு இது எதுவும் பத்தாது. ஜெர்மனியில இருந்து ஒரு வேரியோ தருவிச்சாரு. கைக்கு அடக்கமா, டிவி மாதிரி. மேல போனா பீப்பீங்குது, கீழ போனா அழுவுது. ஒரு பொம்பளைக் குரலு வேற இங்கிலீசுல என்னமோ சொல்லும். பாய் ஒருநாள் கேட்டாரு, 'டாக்டர், வீட்ல சொல்றதைக் கேக்க மாட்டீங்க, இந்தம்மா சொல்றதை மட்டும் கேக்கறீங்களே?' டாக்டரு அசரலை. 'பாய், இதுல சத்தம் கொறைக்க ஒரு பட்டன் இருக்கு'ன்னாரு. தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்திருந்த அத்தனை பேரும் டீயைத் துப்பிட்டோம். ஆளு அந்த மாதிரி. பல்லைப் புடுங்கறப்பவும் சிரிக்க வெச்சுத்தான் புடுங்குவாரு.

இந்த எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்குதுங்க. நூலு. வெளையாட்டில்ல, உல்லன் நூலு. பாய் ஊட்டிக்குப் போனப்ப ஒரு செவப்புக் குல்லா வாங்கினாரு, அதுல இருந்து உருவினது. வருசா வருசம் நூலு மாத்தறோம், குல்லா சின்னதாயிட்டே வருது, இப்ப அது பாயோட பேரனுக்குத்தான் பத்தும். அந்த நூலோட ஒரு முனையை மட்டும் கிளைடரோட கண்ணாடி மூடி மேல, வெளியில, கண்ணுக்கு நேரா ஒட்டியிருக்கும். மறு முனை சும்மா ஆடிட்டிருக்கும். நாம நேராப் பறந்தா நூலு நேராப் பின்னால படுத்திருக்கும். மூக்கு ஒரு பக்கமும் போற வழி ஒரு பக்கமுமா நண்டாட்டப் போனா, நூலு சாஞ்சுக்கும். காலால பெடலை மிதிச்சு நேர் பண்ணோணும். அவ்வளவுதான் விசயம். 'இதுக்குக் கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம், ரிப்பேருக்கு ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டாம். இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது'ன்னு மேடம் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக் குடுத்துருவாங்க.

ஒரு மழைநாள்ல நூலு நனைஞ்சு கண்ணாடியோடயே ஒட்டிக்கிச்சாமா, அதுல ஒருத்தர் ஏமாந்துட்டாராமா. அதுல இருந்து எங்க கிளப்புல ஒரு பழக்கம். ஏறி உக்கார்றதுக்கு முன்னால நூலை விரலால சுண்டோணும். சுண்டிட்டு சுத்தி நிக்கறவங்களுக்குக் கேக்கறாப்புல 'ஆடுது'ன்னு சொல்லோணும். கோயிலுக்குள்ள போறப்ப மணி அடிக்கிறாப்புல. அதைச் சொல்லாம ஒருத்தரையும் ஏத்த மாட்டாங்க.

என் நூலு சித்தெ சாயுமுங்க. ஒத்துக்கறேன். அது என் குத்தம் இல்ல, நான் பறக்கற நேரத்துக்குன்னு காத்து அப்படி அடிக்குது. ஆனா மேடம், 'சென்னியப்பன், உங்க காலை பல்லடத்துலயே விட்டுட்டு வந்துட்டீங்களா'ம்பாங்க. டாக்டரு அதுக்கும் மேல. நான் இறங்கின ஒடனே பக்கத்துல வந்து மெதுவா, 'அண்ணா, உங்க நூலுல வேட்டி காயப் போடலாம்'னாரு. அதைப் பாய் கேட்டுட்டாரு. அப்புறம் என்ன, நான் வந்தாலே துவைச்ச துணி இருக்குதான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டரோட நூலு மட்டும் எப்பவும் நேரா இருக்கும். எப்படீன்னே தெரியாது. அதுலதாங்க எனக்குக் கடுப்பு.

ஒரு ஞாயித்துக்கெழமை நான் ஒரு வேலை பண்ணினேன். கடையில இன்சுலேசன் டேப்பு எல்லாக் கலருலயும் கெடக்குது. நூலு செவப்பு, அதனால செவப்பு டேப்பு. சுண்டுவெரல் நகத்தளவு வெட்டி, அந்த ஆடற முனையை நேரா இழுத்துக் கண்ணாடியோட ஒட்டிப் போட்டேன். நெம்ப நேர்த்தியா. காயில் கட்டற கையி பாருங்க. சாமி வந்தாக்கூடக் கண்டுபுடிக்காது. டாக்டரு அன்னிக்கு ரெட்டை சீட்டுல தனியாப் போறதா இருந்தாரு. என்ன ஆபத்துங்க? வானம் தெளிவு, மத்த மீட்டரெல்லாம் இருக்குது, அந்த ஜெர்மன்காரி வேற இருக்கறா. சும்மா ஒரு வெளையாட்டுக்கு. நண்டாட்டப் போயிட்டு வரட்டும், அப்புறம் நாம வேட்டியைப் பத்திப் பேசிக்கலாம்னு.

டாக்டரு வந்தாரு. சுண்டறதுக்குக் கையை நீட்டினாரு. நான் 'டாக்டரே, உங்க காரு லைட்டு எரியுதாட்ட இருக்குதே'ன்னேன். கையை அப்படியே நிறுத்திட்டு நூலைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. திரும்ப நூலைப் பாத்தாரு. அப்புறம் என் மூஞ்சியையே பாத்துட்டு நல்லா சத்தமா 'ஆடுது'ன்னாரு. பாவம். அவருக்குக் கண்ணுல ஏதோ கோளாறு இருக்குதுங்க.

பறந்தாரு, வந்தாரு, இறங்கினாரு. வழக்கம்போல பூ வெச்சாப்புல இறங்கினாரு. இறங்கி வந்து எல்லாருகிட்டயும், 'இன்னைக்கு மாதிரி நூல் நான் பாத்ததே இல்ல. ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. சென்னியண்ணா, உங்களுக்கும் ஒருநாள் இப்படி அமையணும்'னாரு. பாய் விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானுந்தான். எல்லாருக்கும் டீ சொன்னதே டாக்டருதான். அன்னிக்கு சாயங்காலம் கிளைடரை உள்ள தள்ளறப்ப, 'நான் கண்ணாடியைத் தொடைச்சிட்டு வர்றேன், நீங்க போங்கண்ணா'ன்னாரு. நெம்ப நேரம் தொடைச்சாருங்க, அந்த நூலுக்குப் பக்கத்துலயே நின்னுட்டு. அப்பவும் கவனிக்கலை பாருங்க.

அடுத்த ஞாயிறு எனக்கு டெஸ்ட்டு. ஒத்தை சீட்டு குடுக்கறதுக்கு முன்னால மேடம் வைக்கிற டெஸ்ட்டு. முன்னால இருக்கற மீட்டரு அத்தனையும் மூடிட்டுப் பறக்கோணும். பாத்தா ஒரு ஈரோட்டுத் துண்டைக் கொண்டாந்து அப்படியே மேல போத்திட்டாங்க. 'காது இருக்கு, உடம்பு இருக்கு, வெளிய நூல் இருக்கு. போதும் சென்னியப்பன்'னாங்க. பின் சீட்டுல அவங்க ஏறிட்டாங்க. என் கையில அப்பக் கடலை மிட்டாயிங்க. டென்சன் வந்தா எனக்கு எதையாச்சும் மெல்லோணும். கையெல்லாம் வெல்லப் பிசுக்கு. பிசுக்குக் கையால சுண்டினா நூலு கண்ணாடியில ஒட்டிக்குமேன்னு நெனச்சு, நான் தொடாமயே 'ஆடுது'ன்னுட்டேன். அக்கறையிலதாங்க. அன்னிக்குக் கெளம்பறப்ப றெக்கை சாயாம முனையைப் புடிச்சிருந்தது டாக்டரு. நான் 'ஆடுது'ன்னதும் பயங்கரமா இருமினாரு. ஓடுபாதையில தூசி நெம்ப.

டேப்பை மறந்துட்டீங்களான்னு கேக்கறீங்க. மறக்கலைங்க. ராத்திரி பூட்டறப்ப பாய் எடுத்திருப்பாருன்னு நெனச்சேன். பாய்கிட்டச் சொன்னீங்களான்னா? சொல்லோணுமாங்க? அவருக்கே தெரிய வேண்டாமா?

மேல போனோம். கம்பியை விட்டேன். பாத்தா நூலு, ஐயோ, நூலுன்னா அதுதான் நூலு. ஸ்கேலு வெச்சுக் கோடு போட்டாப்புல. இந்தப் பக்கம் திரும்பினேன், அசையலை. அந்தப் பக்கம் திரும்பினேன், அசையலை. எனக்கு இத்தனை வருசமா வராத கையும் காலும் அன்னிக்கு வந்துருச்சுன்னு கண்ணு கலங்கிப் போச்சுங்க. 'மேடம், நூலைப் பாத்தீங்களா?'ன்னேன். 'பாத்துட்டுத்தான் இருக்கேன்'னாங்க.

அப்புறம் சித்தெ என்னமோ மாதிரி ஆச்சு. கீழ பெடலு தானா ஒரு பக்கமா நகர்றாப்புல இருந்துச்சு. பின்னாலயும் பெடலு இருக்குது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்தது. என் உடம்பு வலது பக்கமாச் சரியுது. மடியில வெச்சிருந்த மிட்டாய்ப் பொட்டலம் வலது பக்கமா வழுக்கிட்டுப் போகுது. பக்கவாட்டு ஓட்டை வழியாக் காத்து ஒய்யுன்னு காதுக்குள்ள அடிக்குது. ஆனா நூலு நேரா இருக்குது. நான் என்ன நெனப்பேன்? பொட்டலம் வழவழன்னு இருக்குதுன்னு நெனச்சேன்.

'சென்னியப்பன், நாம எங்க போயிட்டிருக்கோம்?'

'நேராப் பல்லடத்துக்குங்க மேடம்.'

'மூக்குதான் பல்லடத்தைப் பாக்குது. நாம போறது அந்தக் கோழிப்பண்ணைக்கு.'

கீழ பாத்தா கோழிப்பண்ணை, தகரக்கொட்டாய் கொட்டாயா எங்களைப் பாத்து வருது. 'நூலு நேரா இருக்குதுங்களே மேடம்'னேன். 'ஆமா, நூல் நேராத்தான் இருக்கு'ன்னாங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க பாருங்க, அதை நீங்க ஞாபகம் வெச்சுக்கங்க.

இறங்கினோம். மேடம் இறங்கி முன்னால வந்தாங்க. நகத்தால அந்த நூலோட முனையில சுரண்டினாங்க. டேப்பு உரிஞ்சு வந்துச்சு. அதைக் கொண்டாந்து என் சட்டைப் பாக்கெட்டு மேல ஒட்டிட்டு, 'இதை ஒட்டினது யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. சுண்டாம ஆடுதுன்னு சொன்னது யாருன்னு தெரியும்'னாங்க. அவ்வளவுதான். ஒத்தை சீட்டு கெடையாது, றெக்கை புடிக்கிற வேலைதான்னுட்டாங்க.

நீங்களே சொல்லுங்க. ஒட்டினதுக்குத் தண்டனை இல்லையாமா. சுண்டாததுக்குத் தண்டனையாமா. ஒட்டினது நாந்தான், அதை நான் இல்லீங்கலை. ஆனா கழட்டாதது யாரு? கண்ணாடியை அவ்வளவு நேரம் தொடைச்சாரே ஒரு மனுசன், அவருக்குக் கண்ணு எங்க போச்சு? அவரு பறந்தப்பவும் ஒட்டித்தான் இருந்துச்சு. அவரை யாரும் ஒண்ணும் சொல்லலை. நான் பறந்தா மட்டும் கோழிப்பண்ணை.

இதுல எனக்கு ஒண்ணுதாங்க இன்னும் புரியலை. நான் ஒட்டினது செவப்பு டேப்பு. மேடம் என் பாக்கெட்டுல ஒட்டினது கண்ணாடி மாதிரி, நெறமே இல்லாத டேப்பு. நீளமும் நான் வெட்டினதை விட சித்தெ எச்சு. ஒரு வாரத்துல வெளுத்துப் போச்சாட்ட இருக்குது. இப்ப வர்ற சரக்கெல்லாம் அப்படித்தான், அந்தக் கம்பெனி டேப்பை நான் கடையில நிறுத்திட்டேன்.

சித்தெ இருங்க, போனு. மச்சான்தான். ஸ்பீக்கருல போடறேன், வண்டி ஓட்டோணும்ல.

'மாப்ளே, எங்க வந்திருக்கறீங்க?'

'குண்டடம் தாண்டிட்டனுங்க மச்சான்.'

'மெதுவா வாங்க. டாக்டரு நல்லா இருக்கறாரு. மோரு குடிச்சாரு. அம்மாவோட பல்லைக்கூடப் பாத்துட்டாரு, ரெண்டைப் புடுங்கோணுமாமா.'

'இப்ப என்ன பண்றாரு?'

'காட்டுல நடந்துட்டு இருக்கறாரு. இந்த முனைக்கும் அந்த முனைக்கும். கல்லு கல்லாப் பொறுக்கி வரப்புல போடறாரு. எருமையைக் கட்டற எடத்தை மாத்தச் சொன்னாரு. சுண்ணாம்பு இருக்குதான்னு கேட்டாரு, குடுத்தேன். ஒரு வெள்ளை வேட்டி வேணும்னாரு, அதையும் குடுத்தேன்.'

'எதுக்காமா?'

'கேட்டா சிரிக்கிறாரு. நாளைக்கு மத்தியானம் எல்லாரும் வீட்ல இருப்பீங்களான்னு மட்டும் கேட்டாரு. நெம்ப நல்ல மனுசன் மாப்ளே. சரி வெக்கறேன், கோழி அடிக்கச் சொல்லியிருக்குது.'

கேட்டீங்களா? கேட்டீங்களா நீங்க? நாளைக்கும் வரப் போறாருங்க. இன்னைக்கு இறங்கினது பத்தாதுன்னு, நாளைக்கு மத்தியானமும் என் மாமனாரு காட்டுல. கோழி வேற. எனக்கு அந்த வீட்ல கோழி அடிச்சு எத்தனை காலம் ஆச்சுன்னு தெரியுங்களா?

நாளைக்கு எனக்குத் திரும்ப டெஸ்ட்டுங்க. அதைச் சொல்லலையே உங்ககிட்ட. காத்தால மேடம் கூடப் போறேன். பாஸானா மத்தியானம் ஒத்தை சீட்டு எனக்கு. ஆனா அந்த ஒத்தை சீட்டு அங்க காட்டுல கெடக்குது. இருட்டறதுக்குள்ள கழட்டிப் பொட்டியில போட்டுக் கொண்டு போயிச் சேத்தாத்தான் நாளைக்கு அதைத் திரும்பப் பூட்ட முடியும். நாளையோட சீசன் முடிஞ்சுது. அடுத்த வாரம் பாலக்காட்டுக் காத்து ஆரம்பிச்சுரும், அப்புறம் அடுத்த வருசந்தான். அதனாலதான் இந்த ஓட்டு ஓட்டறேன். அதனாலதான் உங்களையும் ஏத்தினேன்.

ஆமாங்க. அந்தச் சின்ன வேலை அதுதான். கழட்டறதுக்கு மூணு பேரு வேணும். றெக்கை முனையை அசையாமப் புடிக்க ஒருத்தர். ஊருல ஆளு இருக்குது, ஆனா போன தடவை ஒரு ஊருல ஆளாளுக்குப் புடிக்கறேன்னு வாலையே திருகிட்டாங்க. சொன்னதைக் கேட்டு சும்மா நிக்கற ஆளு வேணும். நீங்க பல்லடத்துல இருந்து பெருசா வாயே தொறக்காம கேட்டுட்டு வர்றீங்க. உங்களை விட்டா எனக்கு வேற ஆளில்ல.

இதா, இந்தப் புளியமரத்துல திரும்போணும். அதா பாருங்க, தென்னந்தோப்புக்கு அந்தாண்ட வெள்ளையா. றெக்கை தெரியுதுங்களா? சுத்தி எவ்வளவு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நான் நிக்க வேண்டியதுங்க.

அதென்ன காட்டுல வெள்ளைக் கோடு? சுண்ணாம்புல. நீளமா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். அங்க ஒரு கம்பத்துல வேட்டியைக் கட்டியிருக்கறாரு. தேருக்குக் கொடி கட்டினாப்புல. இருங்க, நான் போயி நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன். நீங்க வண்டியிலயே இருங்க.

...

இறங்கி வாங்க. வாங்க இக்கட்டால, இந்த நெழலுக்கு.

கேட்டேனுங்க. 'நாளைக்கு நீங்கதான் வரப் போறீங்களாமா'ன்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். 'நான் எதுக்குண்ணா வர்றேன், நீங்கதான் வருவீங்க'ன்னாரு. அப்புறம் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டினாரு. கிழக்கு வரப்பு மேல ஒரு கரண்டுக் கம்பி போகுதுங்க. புதுசா இழுத்திருக்காங்க. மேல இருந்து பாத்தா கண்ணுக்கே தெரியாது. பழனிக்குப் போற வழியில இந்தக் காட்டு மேல சுத்திப் பாத்திருக்காரு. ஒரு சுத்துல வெயில் பட்டு மின்னுச்சாமா. 'நீங்க நாளைக்குக் காத்துக்கு எதுத்தாப்புல இறங்க கிழக்கால இருந்துதான் வருவீங்க. கம்பியைப் பாக்க மாட்டீங்கண்ணா, அதான் இறங்கிட்டேன்'னாரு. அந்த வேட்டி கட்டியிருக்கறது கம்பிக்கு அடையாளம். சுண்ணாம்பு, நான் எதுல இறங்கோணுமோ அதுக்கு. பழனியை விட்டுட்டாருங்க. இந்த வருசம் பூரா அவரு பேசிட்டிருந்தது பழனி ஒண்ணுதான்.

நீங்க பாக்க மாட்டீங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றாரு. எனக்குக் கோவம் வரோணும். வரலீங்க. 'சரிங்க டாக்டரே'ன்னுட்டு வந்துட்டேன். அதுக்குள்ள மச்சான், 'நாளைக்கு எலை போட்டே வெக்கறேன் மாப்ளே'ங்கறாரு. சிரிக்காம சொன்னாருங்க.

அவருகிட்ட அந்த டேப்பு விசயத்தைச் சொல்லிடலாமான்னு ஒரு நிமிசம் வாயி வரைக்கும் வந்துச்சு. அன்னிக்கு அவரு பறந்தப்ப ஆணி அடிச்ச மாதிரி நின்னுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரே, அது நான் ஒட்டின டேப்புன்னு. அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன். இவ்வளவு நல்ல மனுசன். தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிரும். அவரு நல்லா ஓட்டினேன்னு நெனச்சுட்டு சந்தோசமா இருக்கட்டும்.

நீங்களும் வாயைத் தொறக்காதீங்க. வாங்க, அந்த றெக்கை முனையைப் புடிங்க. அசைக்கக் கூடாது, கேட்டுதுங்களா? ஆங், அப்படித்தான்.